அருவிக்கு வந்தவரின் முகவரி

“அருவியில வெள்ளம் உண்டா?”

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இப்படிக் கேட்டால், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பொருள். அங்கே குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். மாவட்டத்துக்கு வெளியே அந்தச் சொல் பயமுறுத்தும். ‘கோதையாற்றில் வெள்ளம், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை’ என்று மழைக்காலத்தில் செய்தி வந்தால், மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ வண்டி பேசி வைத்திருந்த குடும்பம் பயணத்தைக் கைவிட்டுவிடும். அடுத்த சில நாளில் தடை நீங்கியிருக்கும். தடை வந்த செய்தி பரவிய வேகத்தில் தடை நீங்கிய செய்தி பரவுவதில்லை.

அருவிக்குப் போகும் வழியில் தேன் பாட்டிலையும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸையும் அடுக்கி வைத்துக் காத்திருக்கும் கடைக்காரருக்கு அன்றைய நிலவரம் காலையிலேயே தெரியும். பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் வருகிறதா, கம்பி வேலிக்கு அப்பால் ஆட்களை விடுகிறார்களா, சிறுவர் குளத்தில் கூட்டம் இருக்கிறதா என்று எல்லாமே அவர் கண்ணெதிரே நடக்கின்றன. திற்பரப்பைப் பற்றிக் கைப்பேசியில் தேடுகிறவர் முதலில் அறிய விரும்புவதும் அதைத்தான். அந்தத் தகவல் பெரும்பாலும் கடை வாசலோடு நின்றுவிடுகிறது.

சிறு வணிகத்தின் இணையச் சந்தைப்படுத்தலைப் பற்றிப் பேச்செடுத்தாலே விளம்பரம், ரீல்ஸ், பாலோயர் எண்ணிக்கை என்று ஓடிவிடுகிறோம். திற்பரப்பு போன்ற ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. வாங்க நினைக்கிறவருக்கு இன்று எது தெரிய வேண்டும்? அதைச் சொல்லும் இடத்தில் நாம் இருக்கிறோமா? வந்து போனவரோடு நாளைக்கும் பேச வழி வைத்திருக்கிறோமா?

ஒரு மணி நேர வாடிக்கையாளர்

பேச்சிப்பாறை அணையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழும் இடம் திற்பரப்பு. ஆற்றின் படுகையே ஒரே பாறை. கரையில் மகாதேவர் கோயில். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில், பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவதாக பக்தர்கள் ஓடிவரும் தலம் இது. காவி உடுத்து, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா கோபாலா’ என்று கூவிக்கொண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் அந்தக் கூட்டம் இந்த மண்ணுக்கே உரியது. ஐயப்ப சீசனில் கறுப்பு வேட்டிக் கூட்டம், கோடை விடுமுறையில் உள் மாவட்டங்களிலிருந்து வரும் வேன்கள், ஓணம் விடுமுறையில் கேரளக் குடும்பங்கள் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதம் அருவியில் தண்ணீர் விழும் என்கின்றன மாவட்டச் சுற்றுலாக் குறிப்புகள். மீதி மாதங்கள் கடைகளுக்கு மந்தம்.

வருகிறவர் தங்கும் நேரமும் குறைவு. குளித்து, ஈரத்துணியைப் பிழிந்து, பசிக்கு ஏதாவது தின்று, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ பத்மநாபபுரம் அரண்மனைக்கோ வண்டியைத் திருப்பிவிடுவார். கடைக்காரரின் கையில் இருப்பது அதிகம் போனால் பத்து நிமிடம். அதற்குள் ஒரு பாட்டில் தேன், கால் கிலோ நல்லமிளகு, ஒரு பொட்டலம் சிப்ஸ் போகும். க்யூஆர் அட்டையைக் காட்டி பணம் வாங்குவார். ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொல்லும்.

இங்கே ஓர் இழப்பு நடக்கிறது. யுபிஐ 2016-இல் வந்தபின் சின்னப் பெட்டிக்கடைக்கும் இணையப் பணம் பழகிவிட்டது. பணம் வருகிறது, வாங்கியவர் யார், எந்த ஊர், இன்னொரு முறை அவரிடம் எப்படிப் பேசுவது என்ற எதுவும் வருவதில்லை. வீட்டுக்குப் போய் அந்தத் தேனைச் சுவைத்து, ‘இது நன்றாக இருக்கிறதே’ என்று அவர் நினைக்கும் நேரத்தில், கடை நூறு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இரண்டாவது பாட்டிலைப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடுவார். முதல் பாட்டிலை விற்பதற்காகத்தான் கடைக்காரர் வெயிலிலும் மழையிலும் நின்றார். இரண்டாவது பாட்டில் எந்தச் செலவும் இல்லாமல் விற்றிருக்கக்கூடியது.

புதிதாக ஆயிரம் பேரைத் தேடிப் போவதற்கு முன்னால், ஏற்கெனவே வந்தவரைத் தொலைக்காமல் இருப்பதுதான் சிறு வணிகத்தின் முதல் இணைய வேலை.

மார்த்தாண்டத்துப் பாடம்

தொலைவில் இருப்பவரின் நம்பிக்கையைப் பெற்று விற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. திற்பரப்பிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது மார்த்தாண்டம். 1920-களில், அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, அங்கே ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமச் சீரமைப்பு மையத்தைத் தொடங்கியது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர். காட்டிலும் மரப்பொந்திலும் கூட்டை அழித்துப் பிழிந்து எடுத்த தேனுக்குப் பதிலாக, பெட்டியில் தேனீ வளர்த்து, அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேனெடுக்கும் முறையை அந்த மையம் உழவர்களுக்குப் பழக்கியது. கோழி முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கவும் சொல்லிக்கொடுத்தது. பிறகு தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தனித்தனிக் குடும்பங்களின் தேன் ஓரிடத்தில் சேர்ந்து, தரம் பார்க்கப்பட்டு, ஒரே பெயரில் வெளியூர் போனது.

ஊர் பேர் தெரியாத ஒருவரிடமிருந்து தொலைவில் இருப்பவர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் அந்தக் காலத்து மார்த்தாண்டம் விடை தேடியது. முகம் தெரியாதவருக்கு நம்பிக்கை தர ஒரு பெயர், ஒரே அளவான தரம், திரும்பக் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் ஆகிய மூன்றும் வேண்டும் என்று அது கண்டுகொண்டது. அதே கேள்விதான் இன்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கத் தயங்குபவரின் மனத்திலும் ஓடுகிறது. அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு வேளாண் பொருள்களுக்கு அக்மார்க் தரக்குறியீட்டுச் சட்டத்தை 1937-இல் கொண்டுவந்ததும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் குமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது. பெட்டிகள் காலியாயின. பலர் தொழிலை விட்டார்கள். விடாமல் பிடித்து நின்றவர்களால் தொழில் மெல்ல மீண்டது. மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். நூறு ஆண்டு உழைப்பில் சேர்ந்த அந்தப் பெயரை, பெயரே ஒட்டாத பாட்டிலில் விற்பது பெரிய வீண்.

வரைபடத்தில் ஒரு புள்ளி

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் கூகுள் வரைபடம். செலவு எதுவும் இல்லை. ‘கூகுள் பிசினஸ் புரொபைல்’ என்று இன்று அழைக்கப்படும் வசதி 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்ற பெயரில் இருந்தது. கடைப் பெயர், இடம், தொலைபேசி எண், திறக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, கடை நம்முடையதுதான் என்று சரிபார்த்துக்கொண்டால் போதும். தேடுபவருக்கு எந்தக் கடையை முன்னால் காட்டுவது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிப்பதாக கூகுளே சொல்கிறது: தேடலோடு பொருத்தம், தொலைவு, கடைக்கு இருக்கும் பேர். தொலைவை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

திற்பரப்பில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஊர்ப் பெயரே பல வடிவில் எழுதப்படுகிறது. திற்பரப்பு, திருப்பரப்பு, திரிப்பரப்பு என்று தமிழிலேயே மாறும். ஆங்கில எழுத்தில் இன்னும் நான்கைந்து வகை. மலையாளத்தில் த்ரிப்பரப்பு. கடையைப் பற்றிய விவரக் குறிப்பிலும், இடும் பதிவுகளிலும் இந்த வடிவங்கள் இயல்பாகக் கலந்து வர வேண்டும். கேரளத்திலிருந்து வருகிறவரை எதிர்பார்க்கும் கடைக்கு மலையாளத்தில் இரண்டு வரி எழுதுவது பெரிய விளம்பரத்துக்குச் சமம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. மலையாளம் எழுதத் தெரிந்தவர் அடுத்த வீட்டிலேயே இருப்பார். கடைப் பெயர்ப் பகுதியில் மட்டும் ‘சுத்தமான தேன் மசாலா சிப்ஸ் திற்பரப்பு அருவி’ என்று சொற்களை அடுக்கக் கூடாது. பலகையில் உள்ள பெயர்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பக்கமே முடக்கப்படலாம்.

படங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் அருவியின் படத்தைக் கடைப் பக்கத்தில் போடுவதால் பயன் குறைவு, அருவிப் படம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. கடையின் முகப்பு, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், விலை எழுதிய பலகை, எண்ணெய்ச் சட்டியில் ஏத்தங்காய் விழும் நேரம், இவற்றைப் பார்த்துத்தான் வருகிறவர் மனத்தில் ஓர் இடம் உருவாகும். மழைக்காலத்தில் கடை மூடியிருக்கும் நாளை அதில் குறிப்பதும் அவசியம். ‘திறந்திருக்கிறது’ என்று போன் சொல்லி, வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தால் அந்தக் கோபம் ஒற்றை நட்சத்திரமாகத் திரும்பும்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். வாங்கியவரிடம் ‘எழுதுங்கள்’ என்று கேட்பதில் தவறில்லை. எழுதினால் பத்து ரூபாய் தள்ளுபடி என்பது கூகுள் விதிக்கு எதிரானது. போலி மதிப்புரைகள் பெருகியதால்தான் 2022 நவம்பரில் இந்திய அரசு இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) தர அளவீடு ஒன்றை வெளியிட்டது. ‘சிப்ஸ் காறிப்போயிருந்தது’ என்று யாராவது எழுதினால் சண்டைக்குப் போகாமல், எந்த நாளில் வாங்கினீர்கள் என்று கேட்டு, மாற்றிக் கொடுப்பதாக அங்கேயே பதில் எழுதுவது நல்லது. அந்தப் பதிலை அடுத்து வருகிற நூறு பேர் படிப்பார்கள்.

எண்ணைச் சேமிக்க ஒரு காரணம்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிக் காட்டும் கேட்டலாக், அடிக்கடி கேட்கும் கேள்விக்கு ஆயத்தப் பதில், வாடிக்கையாளரை வகை பிரிக்கும் லேபிள் எல்லாம் அதில் இலவசம். பலர் அதை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் காலை வணக்கப் படம் அனுப்புவதோடு சரி.

அந்தச் செயலியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதாவது அனுப்புகிறவரின் விருப்பம் போதாது, பெறுகிறவர் நம்மை வைத்துக்கொள்ள விரும்ப வேண்டும். வேண்டாத செய்தி என்று பலர் புகார் கொடுத்தால் எண்ணே தடைசெய்யப்படும். அருவிக்கு வந்து போகும் ஒருவர், ஒரு தேன் கடையின் எண்ணைத் தம் போனில் ஏன் வைத்துக்கொள்வார்?

வெள்ளம் உண்டா என்று கேட்கத்தான்.

கடை வாசலில் ஒரு பலகை: ‘அடுத்த முறை கிளம்பும் முன் அருவி நிலவரம் அறிய இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’. அதே வரி பாட்டில் லேபிளிலும், பில் தாளிலும். பக்கத்தில் ஒரு க்யூஆர். ஸ்கேன் செய்தால் கடையின் வாட்ஸ்அப் திறக்கும். கடைக்காரர் காலையில் கதவைத் திறந்ததும் அருவியை ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. பார்த்துக் கேட்டவருக்கு ஒரு வரி பதில். தேனைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். சுற்றுலா போகும் முன் விசாரிக்கும் ஆள், ஊருக்குத் திரும்பிய பின் கேட்டலாகைப் பார்க்காமலா இருப்பார்?

இதில் கண்டிப்பாகக் காக்க வேண்டிய நேர்மை ஒன்று உண்டு. குளிக்கத் தடை விதிப்பதும் நீக்குவதும் நிர்வாகத்தின் முடிவு. தடை இருக்கும் நாளில் வியாபாரம் போகிறதே என்று ‘வாங்க, பார்த்துக்கலாம்’ என்று எழுதிவிடக் கூடாது. மலையில் பெய்யும் மழை கோதையாற்றை எவ்வளவு வேகமாக மாற்றும் என்று அந்த ஊருக்குத் தெரிந்த அளவு வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ‘இன்று தடை, வர வேண்டாம்’ என்று கடைக்காரர் எழுதும் ஒரு வரி, பத்துத் தள்ளுபடி அறிவிப்பு தராத நம்பிக்கையைத் தரும்.

எண்ணைக் கேட்டு வாங்கும்போது எதற்கு என்று சொல்லி ஒப்புதல் பெறுவதும் முக்கியம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கேட்காமலே குழுவில் சேர்ப்பது மரியாதைக் குறைவு என்பதைச் சொல்லச் சட்டமும் தேவையில்லை.

உறைந்த தேன் என்னும் கேள்வி

என்ன படம் எடுப்பது, என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிப்பதாகச் சிறு வணிகர்கள் பலர் சொல்வதுண்டு. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்தால் ஆறு மாதத்துக்கான பதிவுகள் கிடைத்துவிடும்.

தேனையே எடுத்துக்கொள்வோம். குமரியில் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்து, தை மாசியில் துளிர்க்கும்போது இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் சுரக்கும். பூவிலிருந்து வருவதல்ல அது, இளந்துளிரிலிருந்து வருவது. வெளியூரில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. அந்தத் தேன் சீக்கிரம் உறையும் இயல்புடையது. சென்னையில் ஒருவர் பாட்டிலைத் திறந்து அடியில் சர்க்கரை போலப் படிந்திருப்பதைப் பார்த்தால் கலப்படம் என்றே முடிவுகட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனை ஆராய்ந்தபோது, ஜெர்மனி ஆய்வகத்தில் கலப்படத்தைக் கண்டறியச் செய்த என்எம்ஆர் சோதனையில் 10 தேறவில்லை. அந்தச் செய்திக்குப் பிறகு தேன் வாங்குகிற ஒவ்வொருவர் மனத்திலும் சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல ஒன்றரை நிமிட வீடியோ போதும். ரப்பர் மரங்களுக்கு நடுவே தேனீப் பெட்டி. துளிரின் காம்பில் மின்னும் துளி. சுழற்றும் டிரம்மிலிருந்து இழுபட்டு விழும் தேன். உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிற்கவைத்தால் மறுபடி இளகுவது. அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். பேசுகிறவர் குமரித் தமிழிலேயே பேசட்டும். செய்தி வாசிப்பவர் குரலை வரவழைத்துக்கொண்டால் அந்த மண்ணின் மணம் போய்விடும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியபோது, தமிழில் அந்த எண்ணைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அதுவாக இருந்தது. அரங்கம் இல்லை, அலங்காரம் இல்லை. அதே வயல்வெளி, அதே ஆட்கள், அம்மியும் பெரிய அண்டாவும். மாறாமல் ஒரே வடிவத்தைத் தொடர்ந்து செய்தார்கள். சிறு கடை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தொடர்ச்சியைத்தான், கோடி என்ற எண்ணிக்கையை அல்ல. தேன் கடைக்கு ஒரு கோடி பேர் வேண்டாம். மாதம் ஒரு பாட்டில் வாங்கும் ஐந்நூறு வீடுகள் போதும், அந்தக் கடையின் ஆண்டே மாறிவிடும்.

வாடகை வீட்டில் கட்டிய மாடி

2020 ஜூன் 29 இரவு, மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கான பாலோயரைச் சேர்த்திருந்தவர்கள் மறுநாள் வெறுங்கையோடு நின்றார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். பிறருடைய இடத்தில் சேர்த்த கூட்டம் நம்முடையதல்ல என்பதை அந்த இரவு காட்டியது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒருசேர ஆறு மணி நேரம் போல முடங்கின. 2024 மார்ச்சில் கூகுள், பிசினஸ் புரொபைலோடு இலவசமாகக் கொடுத்துவந்த சின்ன இணையதளங்களை மூடியது. அதையே தம் தளமாக விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருந்தவர்கள் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே எண்களும் முகவரிகளும் செயலிக்குள் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நீளக் கணக்கு நோட்டில் பெயர், ஊர், வாங்கிய பொருள், வாங்கிய நாள் என்று நான்கு பத்தி போட்டு எழுதிவைத்தாலே அது பெரிய சொத்து. கொஞ்சம் வளர்ந்ததும் சொந்தமாக ஒரு டொமைன் பெயரும் எளிய பக்கமும் வாங்கிக்கொள்ளலாம்.

விளம்பரத்துக்குப் பணம் போடுவது இவை அமைந்த பிறகுதான். ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்தும் முன் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். ஆயிரம் ரூபாய் செலவில் 200 பேர் விளம்பரத்தைத் தொட்டார்கள், அதில் நான்கு பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 250 ரூபாய். ஒரு பாட்டிலில் கிடைக்கும் லாபம் 100 ரூபாய் என்றால் 150 ரூபாய் நட்டம். அதே வாடிக்கையாளர் ஆண்டில் நான்கு பாட்டில் வாங்குவார் என்றால் லாபம் 400, செலவு போக 150 மிச்சம். விளம்பரம் லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது அவர் திரும்ப வாங்குவதுதான். திரும்ப வரவைக்கும் ஏற்பாடு இல்லாத கடை விளம்பரத்தில் போடும் காசு ஓட்டைக் குடத்தில் மொண்ட வெள்ளம்.

பணம் கொடுத்து யூடியூபரை அழைத்துவந்து பேசவைக்கிறவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அது கட்டண விளம்பரம் என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் தேன்’ போன்ற வாசகங்களை எந்த லாபத்துக்காகவும் எழுதக் கூடாது. அதை நம்பி மருந்தை நிறுத்தும் ஒருவர் இருக்கக்கூடும்.

எல்லைக்கு அப்பால் ஒரு பார்சல்

அனுப்புவது தனிக் கலை. தேன் கசியும், கண்ணாடி உடையும். ஆர்டர் எடுக்கத் தொடங்கும் முன் ஐந்து பார்சலை வெவ்வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிப் பார்த்து, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று படம் வாங்கிப் பார்ப்பது நல்லது. மூடிக்கு உள்ளே ஒரு சீல், வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் அட்டை. தபால் நிலையம் இந்த மலையோர ஊர்கள் வரை இருக்கிறது என்பது சிறு வணிகருக்குப் பெரிய பலம்.

உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் சிறு வணிகருக்கு எளிய பதிவு, கட்டணமும் குறைவுதான். அந்த 14 இலக்க எண், நிகர எடை, பொதிந்த தேதி, விலை எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் கவனிக்க வேண்டியது ஒன்று. வரம்புக்குக் கீழே உள்ள சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையத் தளங்கள் வழியாகத் தம் மாநிலத்துக்குள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் தளர்வு வந்தது. மாநிலம் தாண்டினால் இந்தத் தளர்வு இல்லை. திற்பரப்புக்கு மிக அருகில் இருக்கும் பெருநகரம் திருவனந்தபுரம். அது எல்லைக்கு அப்பால். லேபிள் ஒட்டிப் பொதிந்த தேனை அங்கே பார்சலில் அனுப்பி வியாபாரம் செய்ய நினைப்பவர் முதலில் கணக்கரிடம் போய் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து நகரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அனுப்புவது, மாநிலத்தின் மறுகோடியிலுள்ள சென்னைக்கு அனுப்புவதைவிடச் சிக்கலாக இருப்பது எல்லையோரச் சிறு வணிகருக்கு நேரும் அநியாயம். இதைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியது வணிகர் சங்கங்களின் வேலை.

எல்லாவற்றையும் பார்சலில் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். மட்டிப்பழத்தைப் பாருங்கள். குமரியில் குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம். விரல் நீளம்தான், வீடெல்லாம் மணக்கும். 2023-இல் ‘கன்னியாகுமரி மட்டி வாழை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தோல் மெலிந்தது, பழுத்தால் இரண்டு மூன்று நாள் தாங்குவதே பெரிது. கூரியரில் போனால் கூழாகத்தான் சேரும். அதை அருவிக்கு வரவைக்கும் காரணமாகவே வைத்துக்கொள்ளலாம். தார் வெட்டிக் கடையில் தொங்கவிட்ட காலையில் அதன் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால், பார்த்தவர் வந்து தின்னட்டும். பார்சலுக்குத் தேன், நல்லமிளகு, மலையில் விளைந்த கிராம்பு. குமரிக் கிராம்புக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டு முத்திரையைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் விளைந்தது என்பதற்காக மட்டும் முத்திரையை ஒட்ட முடியாது.

தனித்தனிக் கடையாக இதையெல்லாம் செய்வது சிரமம் என்பது உண்மை. பத்துக் கடைகள் சேர்ந்தால் ஒரு பலகை, ஓர் எண், முறை வைத்து நிலவரம் சொல்ல ஓர் ஆள், வாரம் இரண்டு முறை சேர்ந்து பார்சல் கட்ட ஓர் இடம் என்று எளிதாகிவிடும். கல்லூரி முடித்த பிள்ளை ஒருவருக்கு அதில் வேலையும் இருக்கிறது.

மாசி பிறக்கும்போது அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கும், வேன்கள் குறைந்திருக்கும். சிவாலய ஓட்டத்துக் கூட்டம் வந்துபோன பின் கரை வெறிச்சோடும். அதே நாள்களில்தான் பக்கத்து ஊரான குலசேகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் துளிர்க்கிறது, பெட்டிகளில் அடை நிறைகிறது, புதுத்தேன் இறங்குகிறது. கடைக்கு ஆள் வராத மாதமும் கடையில் தேன் நிறைகிற மாதமும் ஒன்றே. மழைக்காலம் முழுக்க ‘வெள்ளம் உண்டா’ என்று கேட்டவர்களின் எண்கள் நோட்டில் இருந்தால், அன்று அவர்களுக்கு எழுத வேண்டிய செய்தி ஒரே வரிதான்: இந்த வருடத்துத் தேன் எடுத்தாச்சு, எத்தனை பாட்டில் அனுப்பட்டும்?